“அவர் ஏன் ஆரஞ்சு போடவில்லை?” - அமெரிக்க வேட்டைக் காலமும் ஒரு நிறத்தின் கதையும்

1988 நவம்பர் 15. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெயின் மாநிலத்தில், பேங்கர் நகருக்குப் பக்கத்தில் ஹெர்மன் என்ற சின்ன ஊர். 37 வயதுப் பெண் ஒருவர் தன் வீட்டின் பின்பக்கம், மரங்கள் தொடங்கும் இடத்துக்குப் போயிருந்தார். அவருக்கு ஒரு வயதில் இரட்டைப் பெண் குழந்தைகள். குளிருக்காகக் கையில் வெள்ளைக் கையுறை மாட்டியிருந்தார்.

அது மான் வேட்டைக் காலம். துப்பாக்கியோடு அந்தப் பக்கம் வந்த ஒருவருக்கு மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ அசைவது தெரிந்தது. சுட்டார். அந்தத் தாய் இறந்துபோனார்.

அந்தப் பகுதியில் அதிகம் இருப்பது வெள்ளைவால் மான். மிரண்டால் வாலைக் கொடி போலத் தூக்கிக்கொண்டு ஓடும். வாலின் அடிப்பக்கம் பளீர் வெள்ளை. மங்கலான காட்டுக்குள் வேட்டைக்காரரின் கண் முதலில் தேடுவதே அந்த வெள்ளையைத்தான். காலையிலிருந்து மானையே நினைத்துக்கொண்டு நடப்பவருக்கு ஒரு வெள்ளைக் கையுறை மானின் வாலாகத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றும் அமெரிக்காவில் பேசப்படுகிறது. அந்த ஊரில் பலர் கேட்ட கேள்வி, “ஏன் சுட்டார்?” என்பது அல்ல. “அவர் ஏன் ஆரஞ்சு போடவில்லை?” என்பதுதான். வேட்டை நடக்கிற மாதத்தில் வெள்ளைக் கையுறையோடு வீட்டுக்குப் பின்னால் போகலாமா என்றார்கள். அந்தக் குடும்பம் சில மாதங்களுக்கு முன்புதான் அயோவா மாநிலத்திலிருந்து குடிவந்திருந்தது. “வெளியூர்க்காரர்களுக்கு இங்கத்திய பழக்கம் தெரியவில்லை” என்ற பேச்சும் வந்தது.

சுட்டவரோ உள்ளூரில் நல்ல பெயர் எடுத்தவர். வழக்குத் தொடர ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழு முதலில் ‘வேண்டாம்’ என்றது. இரண்டாவது குழு ‘தொடரலாம்’ என்றது. 1990-ல் ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது.

‘என்ன உடுத்தியிருந்தாள்?’ என்ற கேள்வி நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிது இல்லை. அது வேறு ஒரு குற்றத்தில் கேட்கப்படுவது. ஆனால், கேள்வியின் குணம் ஒன்றுதான்.

அது என்ன ஆரஞ்சு?

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்பதே குற்றம். அதனால் நமக்கு இந்த உலகம் அவ்வளவு பழக்கம் இல்லை. அமெரிக்காவில் உரிமம் வாங்கி, குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மான் வேட்டையாடலாம். மிச்சிகனில் துப்பாக்கி மான் வேட்டை ஒவ்வொரு வருடமும் நவம்பர் 15 அன்று தொடங்கும். அன்றைக்குச் சில ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. விஸ்கான்சினில் ‘தேங்க்ஸ்கிவிங்’ பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். அப்பா, தாத்தா, அத்தை, பேரன் என்று குடும்பமாகக் காட்டு வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். நம் ஊரில் குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்துப் போவது போல!

அத்தனை பேர் ஒரே நேரத்தில், இலை உதிர்ந்த காட்டில், கையில் துப்பாக்கியோடு நின்றால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதற்காக வந்ததுதான் உடை விதி.

முதலில் சிவப்புதான் இருந்தது. விஸ்கான்சினில் 1945-ல் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் சிவப்பு அணிய வேண்டும் என்றார்கள். பழைய அமெரிக்கப் படங்களில் வேட்டைக்காரர்கள் சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால், சிவப்பில் ஒரு சிக்கல். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுத்துப்போகும். வேட்டை சூடுபிடிப்பதோ விடியலிலும் அந்தியிலும். போதாததற்கு, ஆண்களில் ஏறத்தாழ 100-ல் 8 பேருக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. மஞ்சளைப் போட்டுப் பார்த்தால், அது மங்கலில் வெளிறி வெள்ளை போலத் தெரிந்தது. வெள்ளை என்றால் மான் வால்!

1960-ஐ ஒட்டி மாசசூசெட்ஸ் மாநில வேட்டைத் துறை, ஃபோர்ட் டெவன்ஸ் ராணுவ முகாமில் பல நிறங்களை வைத்துச் சோதனை செய்தது. நிறக்குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்துப் பார்த்ததில் ஜெயித்தது, ஒளிரும் ஆரஞ்சு. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. விஸ்கான்சின் 1980-ல் மாறியது.

இருட்டு அறையில் பிறந்த சாயம்

அந்தச் சாயத்தைக் கண்டுபிடித்தவர்களின் கதை சுவாரஸ்யமானது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் பாப் ஸ்விட்சர், ஜோ ஸ்விட்சர் என்று அண்ணன் தம்பிகள். பாபுக்கு டாக்டராக ஆசை. 1933-ல் வேலை செய்யும் இடத்தில் விழுந்து தலையில் பலத்த அடி. பார்வையும் பாதிக்கப்பட்டது. கண் தேறும்வரை இருட்டு அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஜோவுக்கு மேஜிக் பைத்தியம். இருட்டில் ஒளிரும் பொருளை வைத்து மேடையில் வித்தை காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு புற ஊதா விளக்கைத் தயார் செய்து, அப்பாவின் மருந்துக் கடைக்குள் இருட்டில் நுழைந்தார்கள். அலமாரியில் இருந்த சில மருந்துகள் ஒளிர்ந்தன. அங்கிருந்து தொடங்கியது, ‘டே-குளோ’ சாயம்.

இரண்டாம் உலகப் போரில், ‘கீழே இருப்பது நம் ஆட்கள்தான், குண்டு போடாதே’ என்று விமானிகளுக்குக் காட்ட இந்தச் சாயம் தோய்த்த துணிகளைத் தரையில் விரித்தார்கள். முதன்முதலில் சாயம் போட்டுப் பார்த்த உடை பாபின் மனைவியுடைய கல்யாண கவுன் என்று ஒரு கதையும் உண்டு. அந்த அம்மா என்ன சொன்னாரோ! 2012-ல் அமெரிக்க வேதியியல் கழகம் இந்தக் கண்டுபிடிப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

சாதாரண ஆரஞ்சுத் துணி தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஆரஞ்சுப் பகுதியை மட்டும் திருப்பி அனுப்பும். ஒளிரும் ஆரஞ்சு அதோடு நிற்காது. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும், நீலத்தையும் உள்ளே வாங்கி, அதையும் ஆரஞ்சாக மாற்றி வெளியே விடும். தன் மேல் விழுந்த ஆரஞ்சு ஒளியைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டத்திலும், விடியலிலும், அந்தியிலும் வானத்து ஒளியில் நீலப் பங்கு அதிகம். அதனால், மற்ற நிறங்கள் மங்கும் நேரத்தில் இது எடுப்பாகத் தெரிகிறது. இலையுதிர்காலக் காட்டில் காவி, பழுப்பு, மஞ்சள் எல்லாம் உண்டு. இந்த ஆரஞ்சு மட்டும் இயற்கையில் கிடையாது. நம் ஊர் ரயில் தண்டவாளப் பணியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் மாட்டியிருக்கும் ஜாக்கெட்டைப் பார்த்தால் புரியும்.

ஒரு குறை, வெயிலிலும் சலவையிலும் இந்தச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். அப்பா காலத்து வேட்டைத் தொப்பியை ஆசையாக எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் அங்கே நிறைய. வெளுத்த தொப்பி வெறும் பழுப்புத் துணிதான்.

மான் பார்த்துவிடாதா?

யாருக்கும் தோன்றும் கேள்வி இது. இவ்வளவு பளிச்சென்று போனால் மான் ஓடிவிடாதா?

ஓடாது. மனிதக் கண்ணில் நிறம் காண மூன்று வகைக் கூம்பு செல்கள். மானுக்கு இரண்டுதான். நீலம் நன்றாகத் தெரியும், பச்சை தெரியும், சிவப்பு, ஆரஞ்சுக்கு என்று தனி செல் கிடையாது. ஜெரால்ட் ஜேக்கப்ஸ் என்ற விஞ்ஞானியும் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மானின் கண்ணிலேயே நேரடியாக அளந்து 1994-ல் இதை வெளியிட்டார்கள். மானுக்கு அந்த ஆரஞ்சு கோட்டு, சுற்றியிருக்கும் இலைதழைகளின் நிறத்தோடு கலந்துவிடும்.

புலி ஏன் ஆரஞ்சாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் விடை. பச்சைக் காட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிருகம் ஒளிந்து வேட்டையாடுவது நமக்கு விநோதம். முதுமலையில் மேயும் மான்களுக்கு அது பச்சைப் புலி! 2019-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணினி வழியாகவும் காட்டினார்கள். காட்டில் புலி பயன்படுத்தும் அதே ஓட்டையைத்தான் வேட்டைக்காரரும் பயன்படுத்துகிறார். ஒரே வித்தியாசம், புலி மறைந்திருக்க அந்த நிறம். மனிதர் சக மனிதரின் கண்ணில் பட அந்த நிறம்.

ஆனால், மானை ஏமாற்ற முடியாத ஒன்று இருக்கிறது. துணி வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று சலவைத்தூளில் சேர்க்கும் ஒளிரூட்டிப் பொருள் நீலமாக ஒளிரும். அது மானின் கண்ணில் நன்றாகப் படும். விவரம் தெரிந்த வேட்டைக்காரர்கள் அது இல்லாத சலவைத்தூளைத் தேடி வாங்குவார்கள்.

அங்குலக் கணக்கு

சட்டம் என்று வந்தால் ‘பளிச்சென்று இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுத முடியாது. அளந்து சொல்ல வேண்டும். நிறம் 595 முதல் 605 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் இருக்க வேண்டும் என்றுகூட சில மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. பரப்பளவிலும் ஆளுக்கொரு கணக்கு. பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம். அதாவது, பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத் துணி அளவு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். கொலராடோவில் 500 சதுர அங்குலம், தலையில் கட்டாயம். மெயினில் துப்பாக்கி மான் வேட்டைக்குத் தொப்பி ஒன்று, உடம்பில் ஒன்று என இரண்டு. விஸ்கான்சினில் இடுப்புக்கு மேல் பாதி. பக்கத்துப் பக்கத்து மாநிலங்களிலேயே விதி மாறும். மெயினுக்கு ஒட்டியிருக்கும் நியூ ஹாம்ப்ஷயரிலும், அதற்கு அடுத்த வெர்மான்ட்டிலும் கட்டாயமே இல்லை. ‘போடுங்கள்’ என்ற அறிவுரையோடு சரி. நியூயார்க்கில் பெரியவர்களுக்கு 2021-ல்தான் கட்டாயமானது.

வான்கோழி வேட்டையில் எல்லாம் தலைகீழ். பறவைகளுக்கு நம்மைவிட நன்றாக நிறம் தெரியும். ஆரஞ்சைப் பார்த்தால் பறந்துவிடும். அதனால் உடம்பு முழுக்க இலை வண்ண உடை. அதில் இன்னோர் ஆபத்து. ஆண் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்தப் பருவத்தில் இந்த மூன்று நிறத்திலும் ஒரு கைக்குட்டைகூட வெளியே தெரியக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அமெரிக்கக் கொடியின் நிறங்களே அந்த நாட்களில் ஆபத்து!

இடையில் ஒரு ‘பிங்க்’ கலாட்டாவும் நடந்தது. 2016-ல் விஸ்கான்சின், ஒளிரும் ஆரஞ்சுக்குப் பதில் ஒளிரும் பிங்க்கும் போடலாம் என்று முதலில் அனுமதித்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் துணி விஞ்ஞானி மஜீத் சர்மாதி சோதித்து, பிங்க்கும் நன்றாகவே தெரிகிறது என்றார். பெண்களை வேட்டைக்கு ஈர்க்கலாம் என்பதும் ஒரு நோக்கம். “நாங்கள் வராததற்குக் காரணம் நிறம் என்று யார் சொன்னது?” என்று வேட்டைக்குப் போகும் பெண்கள் சிலரே கடுப்பானார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனாலும், அதன் பிறகு வேறு பல மாநிலங்களும் பிங்க்கைச் சேர்த்துக்கொண்டன.

போட்டிருந்தும்...

ஆரஞ்சு நிச்சயம் உயிர் காக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். மான் என்று நினைத்து மனிதரைச் சுடும் விபத்து, ஆரஞ்சு போட்டவர்களுக்கு நேர்வது மிகவும் அரிது. ஆனால், எல்லா விபத்தும் அப்படி இல்லை. 2006 பிப்ரவரியில் டெக்ஸாஸில் காடை வேட்டை. அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி ஒரு பறவையைக் குறிவைத்துத் துப்பாக்கியோடு திரும்பியவர், தன்னுடன் வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனைச் சுட்டுவிட்டார். முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவைகள். மருத்துவமனையில் லேசான மாரடைப்பும் வந்தது. விட்டிங்டன் ஒளிரும் ஆரஞ்சுதான் போட்டிருந்தார். பறவையின் மேல் மட்டுமே இருந்த கண்ணுக்கு அது படவில்லை. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர், செனியின் குடும்பத்துக்கு ஏற்பட்ட சங்கடத்துக்காக வருத்தம் தெரிவித்தார். சுடப்பட்டவர், சுட்டவருக்கு!

ஹெர்மன் ஊர்ச் சம்பவத்துக்குத் திரும்புவோம். 1988-ல் மெயினில் ஆரஞ்சு விதி ஏற்கெனவே அமலில் இருந்தது. ஆனால் அது வேட்டைக்காரர்களுக்கான விதி. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெண் ஆரஞ்சு போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஆனாலும், ‘போட்டிருந்தால் பிழைத்திருப்பாரே’ என்று சொல்லச் சொல்ல, காப்பாற்றும் ஒரு பழக்கம் மெல்ல பலியானவர் மேல் சுமத்தும் கடமையாக மாறிவிட்டது. அந்த ஜூரியின் தீர்ப்பு பலரை உறுத்தியது.

1991-ல் மெயின் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் உடையைப் பற்றிப் பேச்சே இல்லை. எதைச் சுடுகிறோம் என்று அந்தக் கணத்தில் உறுதியாகத் தெரியாமல் சுடக் கூடாது. விலங்கின் தலையும் உடம்பும் தடையில்லாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சத்தம், அசைவு இவையெல்லாம் கூடுதல் அடையாளமாக இருக்கலாமே தவிர, பார்ப்பதற்குப் பதிலாகாது. வெள்ளையாக ஏதோ அசைந்தது என்பது இனி காரணம் இல்லை.

அந்தச் சட்டம் வந்த பிறகும் உயிர் போயிருக்கிறது. 2017 அக்டோபரில், அதே மெயினில் ஹெப்ரான் என்ற ஊரில், வேட்டைக் காலத்தின் முதல் நாள். தன் குடும்பத்து நிலத்தில் கற்கள் தோண்டிக்கொண்டிருந்த 34 வயதுப் பெண் சுடப்பட்டு இறந்தார். அவரும் ஆரஞ்சு போட்டிருக்கவில்லை. இந்த முறை முடிவு வேறு. சுட்டவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், சிறைக்குப் போனார்.

பிரான்ஸிலும் இதே இழுபறி. அங்கே கூட்டமாகச் சேர்ந்து பெரிய விலங்குகளை வேட்டையாடுகிறவர்கள் ஒளிரும் மேல்சட்டை போட வேண்டும் என்று 2019-ல் சட்டம் வந்தது. அடுத்த வருடம் டிசம்பரில், தென்மேற்கே லோத் பகுதியில் தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞரைக் காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டார் ஒருவர். இளைஞரின் தோழிகள் சிலர் சேர்ந்து இயக்கம் தொடங்கி, வேட்டை விதிகளை இறுக்கச் சொல்லி நாடாளுமன்ற மேலவைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மனு கொண்டுபோனார்கள். அவர்கள் கேட்டது, கூடுதல் பயிற்சியும் வேட்டை இல்லாத நாட்களும். விறகு வெட்டுகிறவருக்கு ஆரஞ்சு உடை அல்ல.

பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறீர்களா?

இதைப் படிக்கிறவர்களில் மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் நிறைய இருப்பீர்கள். குளிர் முற்றுவதற்குள் போய்ப் பார்த்துவிடலாம் என்று அக்டோபர், நவம்பரில் டிக்கெட் போடுகிறவர்களும் உண்டு. ஊர்ப் பழக்கத்தில் விடியற்காலை வாக்கிங். அப்பாவுக்குப் பழுப்பு நிற ஸ்வெட்டர், தலையில் வெள்ளை மஃப்ளர். அம்மாவுக்கு மண் நிறச் சால்வை. வீட்டுக்குப் பின்னாலேயே காட்டுப் பாதை. பெருநகரத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஊருக்கு வெளியே, மரங்கள் சூழ்ந்த பகுதி என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிலிருந்தே சுடலாம். சாயங்காலமும் அப்படித்தான், அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்புவரை நீளும். அதனால் நடையை நன்றாக விடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகும் காட்டுப் பாதை வேண்டாம். 2017-ல் நியூயார்க் மாநிலத்தில், நாய்களைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டார் ஒருவர். வேட்டை எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடிகிறது என்பது மாநில வனத்துறையின் இணையதளத்தில் இருக்கும். பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வெள்ளை, பழுப்பு இரண்டையும் தவிர்த்துவிட்டு, விளையாட்டுப் பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஆரஞ்சுத் தொப்பியையும் கையில்லாத மேல்சட்டையையும் மாட்டிக்கொண்டால் போதும். நாய் இருந்தால் அதற்கும் ஒன்று. நடக்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போகலாம்; அது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை.

மெயினில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை. அந்த ஊரில் வாரம் ஒரு நாள் மட்டும் நடப்பது என்றால், ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்ளலாம்.